ஆத்தா ஏறிப் போன பெட்டி

நெய்வேலி டவுன்ஷிப்பில் என்னோடு வளர்ந்தவர்களுக்கு உச்சிப்பொழுதின் அந்தச் சத்தம் நினைவிருக்கும். இப்போது நமக்கெல்லாம் முட்டியில்தான் சத்தம் வருகிறது, அது வேறு விஷயம். நான் சொல்வது சரக்கு ரயில் ஒதுங்கி நிற்கிற சைடிங் பக்கம் நின்ற இரும்புப் பெட்டிகளின் சத்தம். கத்திரி வெயிலில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும். அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு பெட்டி டொக் என்று தட்டும். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. உள்ளே யாரோ மாட்டிக்கொண்டு, கத்திப் பயனில்லை என்று தெரிந்தபின் விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி இருக்கும்.

நாம் பந்தயம் கட்டிக்கொண்டு போய்க் காது வைத்துக் கேட்டதெல்லாம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். போன மாதம் கூடியபோதுகூட அதைச் சொல்லிச் சிரித்தீர்கள். நான் மட்டும் காபி எடுக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நாற்பது வருஷமாக வயிற்றில் வைத்திருந்ததை இனியும் வைத்துக்கொள்ள முடியாது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டிகள் வந்த கதை. அதுவரை நம் ரயில் பாதையில் கரி போகும், காலி வேகன் வரும், அவ்வளவுதான். இரண்டாவது சுரங்கத்துக்கு வெளிநாட்டிலிருந்து மிஷின் சாமான்கள் வர ஆரம்பித்ததும், துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கிய பெட்டியை அப்படியே ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். ஒரு ரூம் அளவு பெட்டி. துருச் சிவப்பு, நீலம், சாம்பல் என்று வரிசையாக வந்து இறங்கும். கதவைத் திறந்தால் நமக்குத் தெரியாத ஏதோ ஒரு மரத்தின் வாசனை. சாமானை எடுத்துக்கொண்டு, வெறும் பெட்டியைத் திரும்பத் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும். போன பெட்டி மறுபடி எந்தக் கப்பலில் ஏறும், எந்தத் தேசத்துக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. 

பெட்டிகள் பெருகியதும் சைடிங்கை நீட்டினார்கள். நீட்டிய இடத்தில் ஓர் ஊர் இருந்தது. முந்திரித் தோப்புகளுக்கு நடுவே நாற்பது ஐம்பது வீடு. நம் ப்ளாக்குக்கு மோர் கொண்டு வருவாளே, மோர்க்காரம்மா, அவளுடைய ஊர். ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். "காலி செய்ய வேண்டும்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு நான் குறுக்கு வழியில் அந்த ஊரைத் தாண்டித்தான் போவேன். போகும்போதும் வரும்போதும் அந்த எழுத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டே போவேன். காலி, காலி, காலி. எனக்கு அது ஒரு விளையாட்டு. கதவுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

எனக்கு ல, ள என்றால் அப்போது தகராறு. தமிழ் டீச்சர் என்னை எழுப்பி நிறுத்தி, "சின்ன ல எது, பெரிய ள எது, சொல்லு" என்பார். சொல்லிவிடுவேன். எழுதும்போது கை மாறிவிடும். பள்ளிக்கூடம் என் நோட்டில் பல்லிக்கூடமாகத்தான் இருக்கும். "சுவத்துல ஒட்டிக்கினு இரு போ" என்று பின்பெஞ்சுப் பெண்கள் கேலி செய்வார்கள். ஆனாலும் என் எழுத்து முத்து முத்தாக இருக்கும். பிழையோடு அழகாக எழுதுகிற பிள்ளை நான்.

என் அப்பா சைடிங்கில் கிளார்க். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். வேலையில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. சாமான் இறக்கி முடித்த பெட்டியை அவரே உள்ளே ஏறிப் பார்ப்பார். பிறகு கதவைச் சாத்தி, தடித்த மஞ்சள் சாக்பீஸால் "காலி" என்று எழுதுவார். மற்ற யார்டுகளில் இங்கிலீஷில் குறிப்பார்கள். லோடு பார்க்கிற கான்ட்ராக்ட் ஆட்களுக்குத் தமிழ்தான் படிக்க வரும் என்று அப்பா இப்படி மாற்றியிருந்தார். அவர் எழுதிய பெட்டியை யாரும் மறுபடி திறந்து பார்க்க வேண்டாம். கிரேன்காரர் நேராகத் தூக்கி ரயிலில் வைத்துவிடலாம். இதில் அவருக்கு ஏகப் பெருமை. அந்தச் சாக்பீஸ்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு எங்கள் குவார்ட்டர்ஸ் அலமாரியில்தான் வைத்திருப்பார்.

பெட்டி ஏன் தட்டுகிறது என்று அவரிடம் கேட்டேன். "அது இரும்புதானேட்டி. வெயில் பட்டா விரியும், விரிஞ்சா சத்தம் போடும். இதுக்குப் போயி பயப்படுவாளா?" என்றார். அம்மாவுக்கு நான் அந்தப் பக்கம் போவதே பிடிக்காது. "இரும்பு அடிக்கிற இடத்துல ஈக்கு என்ன வேலை?" என்பாள். உச்சிப்பொழுதில் வயசுக்கு வரப்போகிற பெண் அங்கே நிற்கக் கூடாது என்பது அவள் சொல்லாமல் விட்டது.

அந்தக் கோடை விடுமுறையில்தான் மோர்க்காரம்மா ஊர் காலியாக ஆரம்பித்தது. புது மனை ஒதுக்கியிருந்தார்கள், நான்கு கல் தள்ளி, ஒரு செம்மண் பொட்டலில். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. தோப்புக்குள் இருந்த அவர்களுடைய காளியாத்தா முதலில் போய்ப் புது இடத்தில் உட்கார வேண்டும். அவள் உட்கார்ந்த பிறகுதான் வீட்டுக்குக் கால் நடலாம், கல்யாணம் பேசலாம், பொங்கல் வைக்கலாம். "அவ குந்தாத எடத்துல ஊரு நிக்காதும்மா. ஆளுக்கொரு பக்கம் பூடுவாங்க" என்று மோர் ஊற்றிக்கொண்டே மோர்க்காரம்மா அம்மாவிடம் சொன்னாள். அம்மா சொம்பை நீட்டியபடி உம் கொட்டினாள்.

ஆடி மாதம்தான் நாள் குறித்திருந்தது. ஆனால் தோப்பை வைகாசியிலேயே அழிக்க புல்டோசர் வந்துவிட்டது. ஆத்தாவை எடுத்தே ஆக வேண்டும். ஒரு முழ உயரக் கல்தான், முகமெல்லாம் கிடையாது. எடுத்தவர்களிடம் பூசாரி சொன்னாராம், "நடுவுல எங்கியும் மண்ணுல எறக்கிடாதீங்க. எறக்கின எடத்துலயே குந்திக்குவா, அப்பறம் கெளப்ப முடியாது." மண் படாத இடத்துக்கு இரண்டு மாதம் எங்கே போவது? வீட்டுத் தரையெல்லாம் மண். கட்டிலில் மனுஷர் படுத்திருக்கிறார்கள்.

மோர்க்காரம்மாவின் புருஷன் சைடிங்கில் கான்ட்ராக்ட் வாட்ச்மேன். அவர்தான் வழி சொன்னார். யார்டின் கோடியில் ஒரு நீலப் பெட்டி, தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற ஸ்லீப்பர் கட்டைகள்மேல் நின்றது. உள்ளே பலகைத் தரை. உடைந்து வந்த சாமான்களைத் திருப்பி அனுப்புவதற்காக அதை மட்டும் நிறுத்தி வைத்திருந்தார்கள், ஆடி முடியும்வரை நகராது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஆபீஸில் யாரையும் கேட்கவில்லை. மஞ்சள் துணி சுற்றி, வேப்பிலை பரப்பி, ஆத்தாவை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

மறுநாள் மோர்க்காரம்மா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"பாப்பா, உங்கப்பா எழுதினா பொட்டி போவுது, எழுதாங்காட்டி நிக்கிது. நானும் பாத்துக்கினுதான் இருக்கறேன். நம்ம ஆத்தா பொட்டியில அவ பேரை எழுதிடேன். ஒருத்தனும் கை வெக்க மாட்டான்."

"அப்பாகிட்ட சொல்லட்டுமா?"

"ஐயையோ, வாணாம். அவுரு ஆபீஸ் மனுசரு, ரூல் பேசுவாரு. நீதான் முத்தாட்டம் எழுதுவியே, நீ எழுது."

என் எழுத்தைப் பார்த்து ஒரு பெரியவள் வேலை சொல்கிறாள். எனக்குத் தலை கால் புரியவில்லை. டின்னிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு, அம்மா தூங்கியதும் கிளம்பிவிட்டேன்.

சரியான உச்சி. யார்டில் ஒரு ஈ காக்கை இல்லை. மற்ற பெட்டிகள் எல்லாம் தட்டிக்கொண்டிருந்தன, ஒன்று விட்டு ஒன்று. நீலப் பெட்டி மட்டும் தட்டவில்லை. முந்தின வாரம் நான் காது வைத்துக் கேட்ட அதே பெட்டி, அப்போது நன்றாகத் தட்டியது. இப்போது அதே வெயில், அதே இரும்பு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் நின்றது. கதவின் இடுக்கில் வேப்பிலை வாசம் வந்தது.  ஓடிவிடலாம் என்றிருந்தது. மோர்க்காரம்மா பக்கத்தில் நின்றதால் ஓடவில்லை.

அப்பா எழுதுகிற அதே உயரத்தில் எழுத எட்டாமல், ஒரு கட்டைமேல் ஏறி நின்று பெரிது பெரிதாக எழுதினேன். மோர்க்காரம்மா ஒவ்வொரு எழுத்தையும் விரலால் காற்றில் வரைந்து பார்த்துக்கொண்டாள். படிக்கத் தெரியாதவள்தான், ஆனால் ஒரு முறை பார்த்த கோலத்தை மறக்க மாட்டாள். எழுதி முடித்ததும் தொட்டுக் கும்பிட்டாள். மிச்ச சாக்பீஸை என்னிடமிருந்து வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அப்பாவுக்கு வார ஓய்வு. அன்றைக்குப் பார்த்துத் துறைமுகத்திலிருந்து அவசரம், இருக்கிற வெறும் பெட்டிகளையெல்லாம் உடனே அனுப்பச் சொல்லி. வாட்ச்மேன் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்த நேரம். கிரேன் வேலையை முடித்து, ரயிலும் போய்விட்டது.

சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் லோடு ஆட்கள் நான்கு பேர் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் மோர்க்காரம்மா தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மண்ணை அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் தட்டில் சோறோடு நின்றேன்.

"நீலப் பெட்டிய ஏன்டே ஏத்துனீங்க? நான் அதுல எழுதவே இல்லையே" என்று அப்பா கத்தினார்.

"எழுதியிருந்துச்சு சார். காலின்னு போட்டிருந்துச்சு. பெருசா, முத்து முத்தா."

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் கண்ணுக்கு முன்னால் அந்த லி வந்து நின்றது, சின்ன லி. ஊர்க் கதவெல்லாம் பார்த்துப் பார்த்து என் கையில் ஏறியிருந்த எழுத்து. பெரிய ளி போட வேண்டிய இடத்தில் அதைப் போட்டிருக்கிறேன். சாமியின் பெயரை எழுதச் சொன்னார்கள், நான் அவளை ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

சொல்லியிருக்கலாம். வாய் திறந்து ஒரு வார்த்தை. சோற்றை விழுங்கினேன், நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா துறைமுகத்துக்கு எழுதிப் போட்டார். பெட்டி கப்பல் ஏறிப் போய்விட்டது என்று பதில் வந்தது. எங்கே என்று அதில் இல்லை. விசாரணை நடந்தது. யார் எழுதியது? வாட்ச்மேன்தான் எழுதியிருப்பான், அந்தப் பெட்டிக்குக் காவல் இருக்கிற பொறுப்பைத் தட்டிக் கழிக்கப் பார்த்திருப்பான் என்று அப்பாவே சொன்னார். என் அப்பா கெட்டவர் இல்லை, பயந்தவர். வாட்ச்மேனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் சம்பளத்துக்குக் கைநாட்டு வைக்கிறவர் என்பது யாருக்கும் நினைவு வரவில்லை. மோர்க்காரம்மாவை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை, அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எழுதத் தெரியாத மனுஷன் தலையில் என் எழுத்துப் பிழை விழுந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், அதைப் பதினோரு வயதில் படித்துவிட்டேன்.

அப்புறம் உச்சியில் இன்னொன்று ஆரம்பித்தது. நீலப் பெட்டி நின்ற இடத்தில் ஸ்லீப்பர் கட்டைகள் மட்டும் கிடந்தன, மேலே ஒன்றுமில்லை. அங்கிருந்து தட்டுகிற சத்தம் வந்தது. நான் மட்டுமல்ல, நம் ப்ளாக் பிள்ளைகள் அத்தனை பேரும் கேட்டீர்கள். "தண்டவாளமும் இரும்புதானேட்டி" என்றார் அப்பா. இந்த முறை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. சாக்பீஸ் டின்னை ஆபீஸுக்கு எடுத்துப் போய்விட்டார். ஒன்று குறைந்ததை எண்ணினாரா இல்லையா, கடைசிவரை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மோர் வருவது நின்று போனது. ஐப்பசியில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு புது மனைப் பக்கம் மோர்க்காரம்மாவைத் தேடிப் போனாள். தூறல் விட்டிருந்த நேரம். வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. அம்மா சட்டென்று நின்றாள்.

"என்ன இது? எல்லா வீட்டிலயும் காலின்னு போட்டிருக்கு. யாருமே குடி வரலையா?"

நான் பார்த்தேன். ஒவ்வொரு கதவிலும் மஞ்சள் குழைத்து எழுதியிருந்தது. என் எழுத்து. அதே வளைவு, அதே சின்ன லி. ஒரு கோலத்தை வீட்டுக்கு வீடு பார்த்துப் போட்டதுபோல் அச்சுப் பிசகாமல் இருந்தது. அந்தக் கதவுகளில் ஒன்றின் பின்னால் ஒரு குழந்தை இருமியது. இன்னொன்றின் பின்னால் யாரோ பாத்திரம் நகர்த்தினார்கள். காலி என்று எழுதிய வீடுகளுக்குள் மனுஷர்கள் இருந்தார்கள்.

ஒரு கதவைத் திறந்து மோர்க்காரம்மா வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். "ஆத்தா தான் வர்லே, அவ பேராச்சும் இருக்கட்டும்னு எல்லா வூட்லயும் போட்டுட்டேம்மா" என்றாள். என் தலையைத் தடவி, "பாப்பா எழுத்துதான்" என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துக் கிடந்தேன். அம்மா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

பெயர் காப்பாற்றவில்லை. அடுத்த ஆடியில் பொங்கல் வைக்க ஆளில்லை. ஒரு வீடு காடாம்புலியூருக்கு முந்திரி உடைக்கப் போனது. இரண்டு வீடு மேல்பட்டாம்பாக்கம். பண்ருட்டிக்குப் பல பேர். நான் எட்டாவது படிக்கும்போது அந்த வரிசையில் பாதிக் கதவு பூட்டியிருந்தது. எழுத்து மட்டும் மழையில் கரையாமல் இருந்தது. கதவில் எழுதியிருந்தது மெல்ல மெல்ல நிஜமாகிக்கொண்டு வந்தது.

முப்பத்தைந்து வருஷம் கழித்து, மகள் கல்யாணத்துக்கு முந்திரி வாங்கப் பண்ருட்டி போனேன். கடைக்காரர் மொத்த விலைக்கு ஒரு முந்திரிக் கம்பெனிக்கு அனுப்பினார். முற்றத்தில் நீள லாரி ஒன்று நின்றது, அதன்மேல் துறைமுகத்துக்குப் போகிற பெட்டி. இப்போது முந்திரியும் பெட்டியில்தான் கப்பல் ஏறுகிறது. லோடு ஏற்றி, சீல் வைத்து, கிளம்பத் தயாராக இருந்தது. அந்தப் பக்கம் யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் பொறுத்து, டொக்.

சுற்றிப் போய்ப் பார்த்தேன். ஒரு கிழவி, முந்திரித் தோல் எண்ணெய் பட்டுக் கருத்த விரல்களால் பெட்டியைத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"பாப்பாவா?"

எனக்கு முடி நரைத்திருந்தது. அவளுக்கு நான் பாப்பாதான். வாட்ச்மேன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது என்றாள். வேலைக்கு மறுபடி யாரும் கூப்பிடவில்லையாம்.

"எல்லாப் பொட்டியும் போவும்போது நா தட்டி அனுப்புவேன். ஏதாச்சும் ஒண்ணு அவ கெடக்கற எடத்துக்குப் போவாதா?"

அங்கேயே சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நான் தப்பா எழுதிட்டேன். என்னாலதான் எல்லாம். உங்க வீட்டுக்காரர் வேலை போனதும் என்னாலதான். நீங்க காளின்னு எழுதச் சொன்னீங்க. நான் காலின்னு எழுதிட்டேன்."

அவள் புரியாமல் பார்த்தாள். "ஆமா. காலின்னுதான் எழுதச் சொன்னேன்."

"இல்லை. காளி. நான் எழுதினது காலி."

"அதான் பாப்பா. காலியாத்தா. அவதான். இதுல தப்பு இன்னா?"

அவள் வாயில் இரண்டும் ஒன்று. இத்தனை வருஷம் நெஞ்சில் சுமந்து வந்த பாவத்தை இறக்கி வைக்க, அவள் காதில் இடமே இல்லை. எனக்கு அழுகை வந்தது. அவள் இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து, நகத்தளவு மஞ்சள் சாக்பீஸ் துண்டை எடுத்தாள்.

"என் கை நடுங்குது. நீ எழுது. யாரு கூப்பிடறதுன்னு அவளுக்குத் தெரியணும்ல."

வாங்கினேன். இந்த முறையாவது சரியாக எழுத வேண்டும் என்று, பெரிய ளி போட்டுக் காளி என்று எழுதினேன். அவள் முகம் சுருங்கியது.

"இது இல்லியே. அன்னிக்கு நீ போட்டது வேற மாரி இருந்துச்சே. கடைசி எழுத்து இப்பிடி இல்லியே பாப்பா." பயந்துபோய் என் கையைப் பிடித்தாள். "இவ யாரு?"

 முப்பத்தைந்து வருஷம் அவள் கும்பிட்ட உருவம் அது. புடவைத் தலைப்பால் துடைத்தேன். சின்ன லி போட்டேன். காலி.

"ஆங். இதான். இவதான்" என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

டிரைவர் டீ குடித்துவிட்டு வந்தார். எழுத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். "என்னம்மா, காலின்னு எழுதி வெச்சிருக்கீங்க? உள்ள முழுசா லோடு இருக்குதே."

"ஆமாம்பா" என்றாள் மோர்க்காரம்மா. "உள்ளதான் இருக்கறா. பாத்து ஓட்டிக்கினு போ."

வண்டி நகர்ந்தது. உச்சி வெயில். கேட்டைத் தாண்டும்போது பெட்டிக்குள்ளிருந்து டொக் என்று ஒரு சத்தம் வந்தது. அவளுக்கும் கேட்டதா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் அதற்கு முன்பே கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.